சைபுன்னிசா வாங்கி வந்த சம்மதம்

சென்னையில் ஒரு பெரிய சேனலில் இப்போது சைபுன்னிசா விவாதம் நடத்துகிறாள். 2006-ல் கூப்பிட்டார்கள், போனாள். கட்சிக்காரர்களும் பேராசிரியர்களும் அவள் எதிரே உட்கார்ந்துகொண்டு ஏ.சி. அறையில் வேர்த்து வடிகிறார்கள். ஒருத்தர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மழுப்பினால், அவள் குறுக்கே பேச மாட்டாள், சத்தம் போட மாட்டாள், அடுத்த கேள்விக்கும் போக மாட்டாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாள்.  "இந்தப் பொண்ணு இதையெல்லாம் எங்க கத்துக்கிச்சு?" என்று ஊரில் யாராவது கேட்டால், "என் கேபிள் ரூம்லதான்" என்று நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன். அது பாதி பொய். நான் கொடுத்தது ஒரு அறை, ஒரு மைக், அப்புறம் தினம் கொஞ்சம் எரிச்சல். மிச்சமெல்லாம் அவளுடையது.

நான் தேவநாதன். மரக்காணத்தில் கேபிள் வைத்திருந்தவன். மெயின் ரோட்டில் மாடியில் கன்ட்ரோல் ரூம், கீழே எஸ்.டி.டி. பூத். அந்த பூத்தில்தான் சைபுன்னிசா உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் சவூதியில் இருந்தான். அப்பா நூருல்லா மளிகைக்கடைக்காரர், பள்ளிவாசலில் எல்லாரும் மதிக்கிற மனிதர். பூத்துக்கு வருகிற பெண்கள் கண்ணாடிக் கதவுக்குள்ளே அழுதுகொண்டே துபாய்க்குப் பேசுவார்கள். வெளியே வந்தால் இவள் பில்லை நீட்டிவிட்டு, "பேசி முடிச்சிட்டீங்களா, இல்ல இன்னும் இருக்குதா?" என்று கேட்பாள். பாதிப் பேர் திரும்ப உள்ளே போய்விடுவார்கள். பூத்துக்கு நல்ல வியாபாரம் என்று மட்டும் நான் நினைத்துக்கொண்டேன். மண்டூகம், நான்.

2004 நடுவில் எங்கள் லோக்கல் சேனலில் விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்த பையன் சொல்லாமல் கொள்ளாமல் புதுச்சேரிக்கு ஓடிப் போனான். பிறந்தநாள் வாழ்த்து, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, ஜவுளிக்கடைத் தள்ளுபடி, எல்லாம் அப்படியே கிடக்கிறது. "ஏம்மா, ரெண்டு நாளைக்கு நீ வாசிக்கிறியா?" என்று கேட்டேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தவள் அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. பள்ளிவாசல் பக்கம் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். நூருல்லா பாய் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே, "சாவுச் செய்தியை ஒரு பொம்பளை வாசிச்சா செத்தவங்களுக்கு வலிக்குமா?" என்று கேட்டாராம். அத்தோடு அடங்கியது.

அவள்தான் 'ஊர்ப்பேச்சு' என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தாள். ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்தாரையும் உட்கார வைத்து நேரடியாக ஒளிபரப்புவது. கல்யாண வீடியோ எடுக்கிற தேசப்பன்தான் கேமரா. எங்களிடம் மைக் ஒன்றுதான், அதுவும் அவள் கையில். யார் எவ்வளவு கத்தினாலும் மைக் இல்லாமல் வெளியே கேட்காது. வாயை வாயைத் திறந்து மூடுவது மட்டும் வீட்டில் தெரியும், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கத்துகிறவர்கள் இரண்டே வாரத்தில் அடங்கிப் போனார்கள்.

முதலில் சாயங்காலம் போட்டோம். உப்பளத்து ஜனங்கள் பார்ப்பதே இல்லை என்று கண்டுபிடித்தது அவள்தான். விடியக் கருக்கலில் உப்புப் பாத்தியில் இறங்குகிறவர்கள், பொழுது சாய்ந்தால் படுத்துவிடுவார்கள். "அவங்க வேலை முடிஞ்சு வந்து சாப்பிடற நேரத்துல போடுங்கண்ணா" என்றாள். மத்தியானத்தில் எந்தப் பைத்தியக்காரன் விவாதம் பார்ப்பான் என்று சண்டை போட்டேன். உப்பளத்துத் தெரு முழுக்க பார்த்தது.

அந்த வருஷக் கடைசியில்தான் கடல் உள்ளே வந்தது. அதை எழுத எனக்குத் தெம்பில்லை. மீனவக் குப்பங்களில் போனவர்களின் பெயர்களையும் காணாமல் போனவர்களின் பெயர்களையும் அவள்தான் எங்கள் சேனலில் வாசித்தாள். ஒரு பெயரை வாசித்துவிட்டு, அந்த வீட்டார் கேட்டு மூச்சு விடுவதற்கு இடம் கொடுத்துவிட்டு, அப்புறம் அடுத்த பெயர். கன்ட்ரோல் ரூமில் நான் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. வாசித்து முடித்துக் கீழே போய் பூத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குப்பங்களுக்கு உதவி வந்தது, வர வேண்டியதுதான். உப்பளத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாத்திகளில் எல்லாம் கடல் சேற்றைக் கொண்டு வந்து கொட்டியிருந்தது. வருஷா வருஷம் பொங்கல் கழிந்ததும் பெண்கள் பாத்தியை மிதித்துப் பதப்படுத்துவார்கள், அதற்குப் பிறகுதான் உப்பு வேலை. இந்தத் தடவை அதற்கு முன்னால் அந்தச் சேற்றை அள்ளியாக வேண்டும். அள்ளுவதற்குக் கூலி கிடையாது, அதுவும் மிதிப்பு வேலையோடு சேர்ந்ததுதான் என்று சொல்லிவிட்டார் குத்தகைக்காரர் இருசப்பன். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். தாராளமானவர் என்றும் சொல்ல மாட்டேன்.

சைபுன்னிசா அதை 'ஊர்ப்பேச்சு'க்கு எடுத்தாள். இருசப்பன் வந்தார். உப்பளத்துத் தரப்பில் செல்லம்மாள் வந்தாள். நாற்பது வயதுக்கு மேலே இருக்கும், புருஷன் இல்லை, உப்புத் தண்ணீரில் நின்று நின்று காலெல்லாம் வெடித்துக் கிடக்கும். கேமராவைப் பார்த்துக் கூச்சப்படவே இல்லை. "கடல் கொண்டாந்து கொட்டின சேத்தை நாங்க சும்மா அள்ளணும்னா, கடலும் நாங்களும் ஒண்ணா சாமி உங்களுக்கு?" என்று கேட்டாள்.  ஊர் முழுக்க அன்றைக்கு அதுதான் பேச்சு. நான் மறு ஒளிபரப்பு வேறு போட்டேன்.

மறுநாள் காலையில் வரப்பு கட்டுகிற வேலைக்கு ஆள் எடுக்கும்போது இருசப்பனின் மேஸ்திரி செல்லம்மாளை மட்டும் விட்டுவிட்டார். திட்டவில்லை, விரட்டவில்லை. "உனக்கு இப்ப வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்தவளைப் பார்த்தார். உப்பளத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கத்துக் குத்தகைகளிலும் அவளுக்கு வேலை கிடைக்காது. அவள் வீட்டில் வேறு சம்பாதிக்கிற கை கிடையாது.

செய்தி கேட்டு சைபுன்னிசா பூத்தில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். "நான்தாண்ணா அவங்க பொழைப்புல மண்ணைப் போட்டுட்டேன்" என்றாள். நீ என்ன செய்வாய், விடும்மா என்றேன். "விட முடியாது. அவங்க திரும்பப் பாத்தியில எறங்கற வரைக்கும் விட முடியாது." அதிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் குறி. ஆனால் அடுத்த விவாதத்துக்கு உப்பளத்திலிருந்து ஒரு ஈ காக்கை கூட வரத் தயாராக இல்லை. யார் வருவார்கள்?

அப்போதுதான் அவள் ஒன்று செய்தாள். முஸ்லிம் கல்யாணத்தில், அதாவது நிக்காஹ்வில், பொண்ணு சபைக்கு வராது. பொண்ணு தரப்பில் வக்கீல் என்று ஒருத்தர், கூட இரண்டு சாட்சிகள், பொண்ணு இருக்கிற அறைக்குப் போய், திரைக்கு இந்தப் பக்கம் நின்று சம்மதம் கேட்பார்கள். அதை அப்படியே சபையில் வந்து சொல்வார்கள். வக்கீல் சொன்னால் அது பொண்ணு சொன்ன மாதிரி. "இவங்களுக்கு நான் வக்கீலாப் போறேன்" என்றாள். "முகம் தெரிய வேணாம், பேரு வேணாம். கேட்டதை அப்படியே வந்து சொல்றேன்." சாட்சிக்கு ஒருத்தர் இருசப்பனின் கணக்குப்பிள்ளை நடராசன், இன்னொருத்தர் நூருல்லா பாய். ஊரில் எத்தனையோ நிக்காஹ்வுக்குச் சாட்சியாக நின்றவர், அவர் சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

 டேய் தேவநாதா, இவளுக்கா நீ காதுகுத்து விளம்பரம் கொடுத்து வாசிக்கச் சொன்னே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

உப்பளத்துத் தெரு அங்கன்வாடியில் பெண்கள் உள்ளே உட்கார்ந்தார்கள், வாசலில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டினார்கள். இங்கே மாடியில் இருசப்பன். ஊர் வாய்க்குப் பயந்தாரோ என்னவோ, நேரலையிலேயே இறங்கி வந்தார். "சரி, சேறு அள்ளறதுக்குத் தனிக்கூலி குடுத்துடறேன். நாளைக்கே வேலையை ஆரம்பிக்கட்டும்." கேட்டது கிடைத்துவிட்டது! நான் விளம்பரத்தைப் போட்டேன். சைபுன்னிசா சாட்சிகளோடு ஆட்டோவில் அங்கன்வாடிக்குப் போய், திரைக்கு வெளியே நின்று விஷயத்தைச் சொல்லி, "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கிறாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம் கேட்டிருக்கிறாள். அப்போதும் இல்லை. நூருல்லா பாய், "சரிம்மா, சம்மதம்தான், வா" என்று சொல்லிவிட்டார். கணக்குப்பிள்ளையும் தலையாட்டினார். நிக்காஹ் வழக்கத்தில் திரைக்குப் பின்னால் இருக்கிற கன்னிப்பெண் பேசாமல் இருந்தால் அது சம்மதம். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள், இவளுக்கும் சந்தேகமே வரவில்லை. கேட்ட கூலியும் கிடைத்திருக்கிறதே. திரும்பி வந்து மைக்கைப் பிடித்து, "அவங்களுக்குச் சம்மதம்" என்றாள். இருசப்பன் கும்பிட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் விடியற்காலையில் பெண்கள் எல்லாரும் உப்பளத்துக்கு வந்தார்கள். வரப்பில் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி இறங்கச் சொன்னார். ஒருத்தியும் இறங்கவில்லை, ஒருத்தியும் பதில் பேசவில்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். உப்பளத்தில் மாட்டோம் என்று வாயால் சொன்னால் வேலை போய்விடும். அதனால் மாட்டோம் என்பதைப் பேசாமல் நின்றுதான் சொல்வார்கள். நேற்றுத் திரைக்குப் பின்னால் அவர்கள் சொன்னதும் அதுதான். எனக்கே அப்போதுதான் உறைத்தது. இருசப்பன் கொதித்துப் போனார். டி.வி.யில் சம்மதம் சொல்லிவிட்டு ஊரைக் கூட்டி அவமானப்படுத்துகிறார்களா, வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவருகிறேன் என்று கத்தினார்.

சைபுன்னிசா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மாடிக்கு வந்து, "அண்ணா, அங்கன்வாடியிலேருந்தே லைவ் போட முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். கன்ட்ரோல் ரூமிலிருந்து அந்தத் தெரு வரைக்கும் பனைமரத்துக்குப் பனைமரம் கட்டித் தனியாக ஒரு வயர் இழுத்துக் கொடுத்தேன். முதுகு பிய்ந்துபோனது. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அடுத்த 'ஊர்ப்பேச்சு' தெருவில் நடந்தது. திரைக்கு உள்ளே பெண்கள். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருசப்பன், நடராசன், நூருல்லா பாய். சுற்றிலும் ஜனம். நான் கன்ட்ரோல் ரூமில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தேன். சைபுன்னிசா கேமராவைப் பார்த்தாள்.

"போன வாரம் இவங்க சம்மதிச்சிட்டாங்கன்னு உங்ககிட்ட சொன்னேன். அது பொய். நான் கேட்டேன், அவங்க பேசலை. நானே சம்மதம்னு எடுத்துக்கிட்டு வந்து சொல்லிட்டேன். தப்பு என்னுது, அவங்களுது இல்ல."

அட, எந்த டி.வி.க்காரன் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்? இருசப்பன் கையை நீட்டி மைக்கைக் கேட்டு வாங்கினார். "இதென்னம்மா கூத்தா இருக்குது. உங்க கல்யாணத்துல பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னுதானே எடுத்துக்கறீங்க? உங்கப்பாவே எத்தினி தரம் வந்து சொல்லியிருக்காரு? அங்க செல்லும், இங்க செல்லாதா?"

அவள் மைக்கைத் திரும்ப வாங்கினாள். அப்பாவை ஒரு தரம் பார்த்தாள். "அங்க பொண்ணு வெட்கத்துல பேசாம இருப்பா. இவங்க பயத்துல பேசாம இருந்தாங்க. வெளிய நின்னு கேட்டா ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்குது. அதான் ஏமாந்துட்டேன்."

நூருல்லா பாய் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் தானாகவே, மைக் இல்லாமலே, "நானும்தான்" என்றார். தேசப்பன் கேமராவைச் சட்டென்று அவர் பக்கம் திருப்பியதால் உதடு அசைந்தது எல்லாருக்கும் தெரிந்தது.

சைபுன்னிசா திரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மைக்கைத் திரையில் படும்படி நீட்டினாள். "இன்னைக்கு நீங்க பேசாம இருந்தா நான் சம்மதம்னோ மறுப்புன்னோ எடுத்துக்க மாட்டேன். சொல்ற வரைக்கும் இங்கயே உட்கார்ந்திருப்பேன். சேத்துக்குத் தனிக்கூலி குடுக்கறேங்கறாங்க. எறங்கறீங்களா?"

சத்தமே இல்லை. ஒரு காக்கை கத்தியது கேட்டது. அவள் அசையவில்லை. கன்ட்ரோல் ரூமில் போன் அடிக்கிறது. "யோவ், சவுண்டு வரலைய்யா!" என்கிறான் ஒருத்தன். வைத்தால் இன்னொருத்தன். "சவுண்டெல்லாம் வருது, பேசறதுக்குத்தான் ஆளில்ல, வையிடா போனை!" என்று கத்தினேன்.  நேரலையில் இப்படிச் சும்மா ஒரு புடவையைக் காட்டிக்கொண்டிருந்தால் நாளைக்கு எவன் விளம்பரம் கொடுப்பான்? ஆனால் விளம்பரத்தைப் போட கை வரவில்லை.

கடைசியில் உள்ளேயிருந்து ஒரு குரல், யாருடையது என்று தெரியவில்லை, "செல்லம்மா வந்தா வர்றோம்" என்றது.

"ஆமா, அவ வந்தா வர்றோம்" என்றது இன்னொரு குரல். அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று. யாரும் கத்தவில்லை. ஒவ்வொருத்தியாக, பேர் சொல்லாமல், முகம் காட்டாமல் அதையே சொன்னார்கள். போன வாரம் அந்த வாய்க்குள்ளே பூட்டிக் கிடந்தது இதுதான். தனிக்கூலி கொடுக்கிறேன் என்ற வாய் அவள் பெயரைச் சொல்லவில்லை. கேட்கவும் பயம், அவளை விட்டுவிட்டுச் சரி என்று சொல்லவும் மனசில்லை. கூலி முடிவானால் செல்லம்மாளும் தானாக வேலைக்கு வந்துவிடுவாள் என்று சைபுன்னிசாவும் நானும் நினைத்திருந்தோம்.

சைபுன்னிசா எழுந்து வந்து இருசப்பன் முன்னால் நின்றாள். "கேட்டீங்களா? உங்க பதில்?"

இருசப்பன் பேசவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணாந்து பனைமரத்தைப் பார்த்தார். "சம்மதம்னு சொல்லிடும்மா! அந்தாளு கணக்குப்படியே பேசாம இருந்தா சம்மதம்தானே, அடிச்சு வுடு!" என்று நான் இங்கே டி.வி.யைப் பார்த்துக் கத்துகிறேன். தெருவிலும் மைக்குக்குப் பக்கத்திலேயே யாரோ அதையே கத்தினார்கள், சிரிப்பு எழுந்தது. அவள் கையை உயர்த்தி அடக்கினாள்.

"நீங்க பேசாம இருக்கறதையும் நான் எனக்குத் தோதா எடுத்துக்க மாட்டேங்க. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, அதையும் அப்படியே போய் சொல்றேன். வாயால சொல்லுங்க."

அந்த மனிதருக்கு அது எப்படி இருந்திருக்கும்! ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டிருப்பார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வரட்டும்" என்றார்.

"யாரு?"

"செல்லம்மா. செல்லம்மா வரட்டும். மேஸ்திரிகிட்ட நானே சொல்லிடறேன்."

தெரு ஓவென்று கத்தியது. நான் நாற்காலியை விட்டு எழுந்து குதித்தேன். முடிந்தது, ஜெயித்தாயிற்று என்று விளம்பர சி.டி.யைப் போடக் கையை வைத்தேன். அவள் முடிக்கவில்லை. மைக்கை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் நடந்தாள். கேமராவைத் தூக்கிக்கொண்டு தேசப்பன் பின்னாலேயே ஓடினான். கூட்டத்துக்குக் கடைசியில், அடிபம்புக்குப் பக்கத்தில், இடுப்பில் குடத்தோடு செல்லம்மாள் நின்றுகொண்டிருந்தாள். திரைக்கு உள்ளே கூட அவளை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. அவளுக்குத்தான் வேலை இல்லையே.

"அக்கா, உங்களைப் பத்தி எல்லாரும் பேசிட்டாங்க. உங்களை யாரும் கேட்கலை. நீங்க சொல்லுங்க. திரும்ப எறங்க உங்களுக்குச் சம்மதமா?"

செல்லம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். சைபுன்னிசாவைப் பார்த்தாள். தூரத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நிற்கிற இருசப்பனைப் பார்த்தாள். கூட்டம் அடங்கிவிட்டது. என் போன் அடிக்கவில்லை. சைபுன்னிசா தலையாட்டவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை, மைக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். டி.வி. வைத்திருக்கிற வீடெல்லாம், டீக்கடையெல்லாம், ஒரு கூலிக்காரப் பெண்பிள்ளை வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தது. நான் நின்றபடியே இருந்தேன்.

செல்லம்மாள் குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள்.

"கட்டிக்கிட்டு வந்த மறுநாளே எறங்கினேன். அன்னிலேருந்து எறங்கறேன். எறங்கறியான்னு இதுவரைக்கும் என்னை ஒருத்தரும் கேட்டதில்லம்மா" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வர்றேன்னு போய் சொல்லு."